போர்வைக்கு முன் ஒரு சாண் துண்டு



இந்தக் குளிர்காலத்தில் உனக்கென்று ஒரு போர்வையை நீயே வடிவமைத்துப் பின்னப் போகிறாய். படம் வரைந்து, நிறம் முடிவு செய்து, அப்புறம் நூல் வாங்குவது என்பதுதான் பலரும் போகும் வழி. அதைத் தலைகீழாகச் செய் என்கிறேன். போர்வை எப்படி இருக்க வேண்டும் என்பதை முதலில் நம் ஊர்க் குளிரும், அடுத்து நூலும் சொல்லட்டும். படம் கடைசியில் வரட்டும். தருமபுரியில் தை மாத விடியற்காலை 20 பாகை செல்சியஸுக்குக் கொஞ்சம் கீழே இறங்கும், வத்தல்மலையிலும் சித்தேரியிலும் இன்னும் சிலிர்க்கும், அவ்வளவுதான். பனி உறையும் நாட்டுக்காரர்களின் அளவுக்குறிப்பை அப்படியே பின்னினால் நடுராத்திரியில் காலால் உதைத்துத் தள்ளுவாய்.

போர்வை என்றால் ஆட்டு ரோமம்தானே என்பார்கள். நம் பக்கத்து ஆடுகளையே பார். மேச்சேரி ஆட்டிடம் கம்பளி ரோமம் இல்லை. அதன் பேர் தோலுக்கு. திருச்சி கருப்பு ஆட்டின் ரோமமோ முரடு, கழுத்தில் பட்டால் குத்தும். கடையில் ‘உல்லன்’ என்று எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக். ஆகவே பருத்திதான். பருத்தியில் பின்னுவது நமக்குப் பழக்கமில்லாத வேலை என்று நினைக்காதே. திருப்பூர் பனியன் துணியை இழுத்து உற்றுப் பார்: முன்பக்கம் கண்ணி கண்ணியாக அம்புக்குறி, பின்பக்கம் மேடு மேடாக முண்டு. அதுவும் பின்னல்தான். வெட்டிய ஓரம் சுருண்டுகொள்வதையும் கவனி. அந்தப் பின்னலைப் போர்வைக்கு எடுத்தால் உன் ஓரமும் அப்படியே சுருளும். இரண்டு பக்கமும் நேர்க் கண்ணியே (knit) போட்டால் போர்வை சமமாகப் படுத்துக்கொள்ளும்.

பருத்தி தொய்யுமே என்ற ஆட்சேபம் நியாயமானது. ரோமத்துக்கு உள்ள சுருளும் மீள்தன்மையும் அதற்கு இல்லை, கனமும் கூடுதல். அதனால் 120 சென்டிமீட்டர் அகலத்தை ஒரே வீச்சில் பின்னாதே. 20 சென்டிமீட்டர் பட்டைகள் ஆறாகப் பின்னி இணை. இணைப்புத் தையல் நீளவாட்டில் இழுத்துப் பிடிக்கும். ஒரு பட்டை கெட்டால் அதை மட்டும் பிரித்தால் போதும், பஸ்ஸிலும் மடியில் வைத்துப் பின்னலாம்.

படத்துக்கு இப்போது வா. கட்டம் போட்ட தாளில் புள்ளிக்கோலம் வரைந்து, ஒரு கட்டத்துக்கு ஒரு கண்ணி, ஒரு வரிசை என்று பின்னினால் கோலம் நசுங்கிவிடும். கண்ணியின் அகலத்தைவிட உயரம் குறைவு. நேர்க் கண்ணியில் ஏறக்குறைய இரண்டு வரிசை சேர்ந்தால்தான் ஒரு கண்ணி அகலம் வரும். எனவே ஒரு கட்டத்துக்கு இரண்டு வரிசை. சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் ‘போர்கை’ என்ற அமைப்பாகச் சேர்ந்து மீட்டெடுத்த பூத்தையலைப் பார்த்தால் படம் எண்ணிக்கைக்கு அடங்க வேண்டும் என்பது விளங்கும். ‘போர்கை’ என்றால் அவர்கள் பேச்சில் பெருமிதம். அங்கே துணியின் இழையை எண்ணித்தான் ஊசி இறங்குகிறது. கோடும் கட்டமும் அந்த எண்ணிக்கையிலிருந்து எழுகின்றன.

கடையில் இதைவிட மலிவாகக் கிடைக்குமே என்றால், கிடைக்கும். விலையில் நெசவோடு மல்லுக்கு நிற்காதே, தோற்றுப்போவாய். உன் உடம்புக்கும் உன் அறைக்கும் பொருந்திய கனம் மட்டும் கடையில் கிடைக்காது. அதற்குத்தான் ஒரு சாண் மாதிரித் துண்டு. பின்னி, துவைத்து, காயவைத்து, பிறகு அள. பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் 18 கண்ணி, 36 வரிசை வருகிறது, அந்தச் சதுரம் 6 கிராம் என்று வைத்துக்கொள். 120க்கு 150 போர்வையில் அப்படி 180 சதுரம்; நூல் 1,080 கிராம். ஆறு பட்டைக்கும் சேர்த்து, முழு அகலக் கணக்கில் 540 வரிசை, வரிசைக்கு 216 கண்ணி. மார்கழியும் தையுமாக அறுபது நாள் என்றால் நாளுக்கு 9 வரிசை, கை பழகினால் ஒன்றேகால் மணி நேரம். கனம் அதிகம் என்று பட்டால் ஊசியைத் தடிப்பாக்கி இன்னொரு துண்டு பின்னிப் பார். நூல் முழுவதையும் வாங்குவது அதற்குப் பிறகு.