ராம் கூட்டிய பின் கணினி இயங்காவிட்டால்

மாணவர்களே, தற்போக்குப் பெறுவழி நினைவகத்தின், அதாவது ராமின், வரைவிலக்கணத்தைப் பலர் சரியாக எழுதிவிடுகின்றனர். "ராமை அதிகரித்த பின் கணினி தொடங்கவில்லை, காரணம் யாது?" என்று கேட்டால்தான் தடுமாற்றம். வீட்டிலும் இதே நிலைதான். புதிய அட்டையைப் போட்டதும் திரை கறுத்துவிட்டால், தாய்ப்பலகை போய்விட்டது என்று முடிவுகட்டி வாப்பாவிடம் இன்னொரு செலவைச் சொல்லிவிடாதீர்கள். முதலிற் சந்தேகிக்க வேண்டியது, கடைசியாக மாற்றியதையே.

மின்வடத்தை மின்குதையிலிருந்து கழற்றுக. முறைமை அலகின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னை அகற்றுக. பின்னர் புதிய அட்டையை எடுத்துவிட்டு, பழையதுடன் மாத்திரம் இயக்கிப் பாருங்கள். கணினி இயங்கினால் தாய்ப்பலகை பெரும்பாலும் நலமே.

இனி ஒரு தடவையில் ஒன்றை மாத்திரம் மாற்ற வேண்டும். இரண்டு அட்டைகள், இரண்டு செருகுவாய்கள். ஆகவே நான்கு சோதனைகள். இரு அட்டைகளும் 2ஆம் செருகுவாயில் மாத்திரம் இயங்காவிடின் குறை செருகுவாயில். தனித்தனியே இயங்கி, சேர்த்தால் இயங்காவிடின் அவை ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. புதியது இரண்டிலும் இயங்காவிடின், அது பழுதாயிருக்கலாம். அல்லது அந்தக் கொள்ளளவைத் தாய்ப்பலகை ஏற்காதிருக்கலாம். (வேகம் வேறுபட்டால் பயமில்லை. 2400, 3200 வேக டிடிஆர் 4 அட்டைகளைச் சேர்த்தால் இரண்டும் பொதுவாக 2400இல் இயங்கும்.)

அட்டையின் இரு முனைகளும் 'கிளிக்' என்று பூட்டும்வரை அழுத்தப்படாமையே மிகச் சாதாரணமான காரணம். கல்முனை, சாய்ந்தமருது போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் தொடுகைகளில் படலம் படியும். மருதமுனையில் தறியுள்ள வீடு என்றால் பஞ்சுத்தூசும் சேரும். உலர்ந்த மென்துணியால் தொடுகைகளைத் துடைத்து மீண்டும் பொருத்துக. டிடிஆர் 2, டிடிஆர் 3 இரண்டிலும் 240 தொடுகைகள் உண்டு. ஆயினும் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதன் செருகுவாயிற் பொருந்தாது. பலவந்தமாக அழுத்தினால்தான் தாய்ப்பலகை உண்மையிற் பழுதாகும்.

கணினி தொடங்கிச் சற்று நேரத்தில் நீலத்திரை தோன்றினால், விஸ்டா முதல் விண்டோஸுடன் வரும் நினைவகச் சோதனையை ஓடவிடுங்கள்.

இன்னொரு முறைப்பாடு: "8 கிகாபைற்று போட்டேன், 3.2தான் பாவிக்க முடிகிறது." இங்கு பழுது எதுவுமில்லை. 32 பிற்றுப் பணிசெயல் முறைமையில் முகவரிகள் 2இன் 32ஆம் அடுக்கு, அதாவது 4,294,967,296. முகவரிக்கு ஒரு பைற்று வீதம் 4 கிகாபைற்று. அதிலும் ஒரு பகுதி காட்சி அட்டை போன்ற சாதனங்களுக்குப் போய்விடும். கணினி ஏற்குமாயின் 64 பிற்று முறைமையை நிறுவுவதே வழி. விடையில் இக்கணிப்பைக் காட்டுக. "ராம் போதாது" என்று மட்டும் எழுதுவது விடையாகாது.

பயிற்சி: பழைய அட்டை இரு செருகுவாய்களிலும் இயங்குகிறது. புதியது எதிலும் இயங்கவில்லை. ஆனால் அயல்வீட்டுக் கணினியில் நன்கு இயங்குகிறது. புதிய அட்டை பழுதா? காரணம் தந்து விளக்குக.