தொழில்நுட்ப மேலாண்மை: கலைக்கல்லூரி மாணவன் நோக்கில்

"பி.காம். படித்தவனுக்குத் தொழில்நுட்பத்தோடு என்ன வேலை?" என்று கேட்காத உறவினர் எனக்கு இல்லை. இக்கல்லூரியில் வணிகவியல் பயின்று வெளியேறிய நான், இன்று அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையின் கணக்கன். விடுமுறை நாட்களில் தொலைநிலைக் கல்வி வாயிலாகத் தொழில்நுட்ப மேலாண்மையில் எம்.பி.ஏ. பயிலும் மாணவன். ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு பேராசிரியர் பணித்தார். கவிதை எழுதும் வல்லமை எனக்கில்லை. ஆகவே, நான் பயிலும் பாடத்தையே என் இளைய நண்பர்களுக்கு விளக்க முற்படுகிறேன்.

ஓர் இயந்திரத்தை எப்படிச் செய்வது என்பது பொறியியலார் கேள்வி. அதன் அடக்கவிலை என்ன என்பது நம் வணிகவியலார் கேள்வி. அதை நாமே ஆராய்ந்து உருவாக்குவதா, உரிமம் பெற்றுச் செய்வதா, ஆயத்தமாக வாங்கிக் கொள்வதா? பழைய முறையை எப்போது கைவிடுவது? புதியதைக் கற்றுக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்களா? இக்கேள்விகளே தொழில்நுட்ப மேலாண்மையின் களம். அமெரிக்க நாட்டின் தேசிய ஆராய்ச்சிக் குழு 1987இல் வெளியிட்ட ஓர் அறிக்கை, பொறியியலையும் மேலாண்மையையும் இணைக்கும் தனித்துறையாக இதனை வளர்க்க வேண்டும் என வலியுறுத்தியது. நம் மாநிலத்தில் எம்.பி.ஏ. சேர்க்கைக்கான டான்செட் தேர்வை எழுதப் பொறியியல் பட்டம் தேவையில்லை. மூன்றாண்டுப் பட்டம் எதுவாயினும் போதும். வரலாறு படித்தவரும் எழுதலாம் என்பதை நம் மாணவர்கள் பலர் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

பாட நூல்களில் வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அயல்நாட்டு நிறுவனங்களைப் பற்றியவை. எனக்கோ அவ்வளவு தொலைவு செல்ல வேண்டிய தேவையில்லை. என் ஊர் பருத்திப்பட்டு. பூந்தமல்லியிலிருந்து ஆவடி செல்லும் சாலையில், ஏரியை ஒட்டிய ஊர். 2019இல் அவ்வேரியைச் சீரமைத்துப் பூங்கா அமைத்த பின்னர் மாலை வேளையில் நடப்பதற்குப் பலர் வருகின்றனர். அங்கிருந்து சிறிது தொலைவிலேயே, கனரக வாகனத் தொழிற்சாலையும், 1976இல் நிறுவப்பட்ட போர் ஊர்தி ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. எங்கள் பாடத்தின் பாதியை ஆவடியின் டாங்கிகளைக் கொண்டே நடத்திவிடலாம் என்பது என் கருத்து.

முதலில் உரிமம். இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு 1961இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஆவடியில் உருவான விஜயந்தா டாங்கி 1965இல் வெளிவந்தது. பின்னர் சோவியத் வடிவமைப்பான டி-72 வந்தது. 2001இல் ரஷ்யாவுடன் டி-90 வகைக்கு 310 டாங்கிகளுக்கான ஒப்பந்தம் ஏற்பட்டது. அவற்றுள் ஒரு பகுதி முழுமையாகவும், எஞ்சியவை ஆவடியில் பூட்டுவதற்குரிய உறுப்புகளாகவும் வந்து சேர்ந்தன. உரிமத்தின்கீழ் இங்கேயே உற்பத்தியான டி-90 டாங்கிகள் 2009இல்தான் படையிடம் ஒப்படைக்கப்பட்டன. வரைபடம் கைக்கு வந்தால் தொழில்நுட்பமும் வந்துவிட்டது என்று எண்ணுவோர் இந்த எட்டாண்டு இடைவெளியைக் கருத்திற்கொள்ள வேண்டும். உலோகக் கலவை, வெப்பப் பதனம், பற்றவைப்பு ஆகியவற்றின் நுணுக்கங்கள் தாளில் அடங்குவன அல்ல.

அடுத்தது சொந்த ஆக்கம். அர்ஜுன் டாங்கித் திட்டத்திற்கு 1974இல் ஒப்புதல் கிடைத்தது. முதல் உற்பத்தி டாங்கிகள் படைக்குச் சென்றது 2004இல். முப்பது ஆண்டுகள்! இதனைச் சுட்டி நகைப்பவர் பலர். நானும் தேநீர்க் கடைகளில் கேட்டிருக்கிறேன். காரணங்களை ஆராய்ந்தால் நகைப்பு குறையும். படையின் தேவைகள் இடையிடையே மாறின. எடை ஏறத்தாழ 58 டன்னாக உயர்ந்தது. டி-72 சுமார் 41 டன். இவ்வேறுபாடு தொழிற்சாலையோடு முடிவதன்று. டாங்கியைச் சுமக்கும் ரயில் வேகனும், அது கடக்கும் பாலமும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். இயந்திரமும் கியர் அமைப்பும் ஜெர்மனியிலிருந்து வரவேண்டியிருந்தன.

இன்னொரு காரணம் எண்ணிக்கை. முதலில் 124, பின்னர் 2010இல் மேலும் 124 என்றே கொள்முதல் அமைந்தது. இதன் விளைவை உணர ஒரு சிறு கணக்குப் போடுவோம். விமானப் பொறியாளர் டி.பி. ரைட் 1936இல் வெளியிட்ட கட்டுரையில், மொத்த உற்பத்தி இருமடங்காகும் போதெல்லாம், ஒரு விமானத்திற்கு ஆகும் சராசரி உழைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று காட்டினார். முதல் பொருளுக்கு 100 மணி நேரம் என்றால், இரண்டு செய்து முடிக்கையில் சராசரி 80, நான்கில் 64, எட்டில் 51. நம் மக்கள் 'கை பழகுதல்' என்று சொல்வது இதைத்தான். கை பழகுவதற்குள் ஆணை தீர்ந்துவிட்டால், பழகியவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். அடுத்த ஆணை வரும்போது மீண்டும் தொடக்கத்திலிருந்தே ஏற வேண்டும். 2021 செப்டம்பரில் அர்ஜுன் எம்.கே.-1ஏ வகையில் 118 டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் மதிப்பில் ஆணை வழங்கப்பட்டது. முந்தைய ஆணைக்கும் இதற்கும் இடைவெளி பத்தாண்டுக்கு மேல். டாங்கியின் குறைபாடாகப் பேசப்படுவனவற்றுள் ஒரு பகுதி, இவ்வாறு விட்டுவிட்டு வாங்கும் முறையின் குறைபாடே என்பேன்.

இனி, நான் கணக்கெழுதும் பட்டறைக்கு வருகிறேன். எங்கள் பாடத்திட்டத்தில் ஓர் ஆய்வறிக்கை உண்டு. நான் எடுத்துக்கொண்ட பொருள், எங்கள் பட்டறை ஒரு சி.என்.சி. கடைசல் இயந்திரம் வாங்கலாமா என்பது. நாங்கள் செய்வது பெட்ரோல் எஞ்சின்களுக்கான வால்வு கைடு. ஆணைகள் குறையவில்லை, ஆனால் வாங்குவோர் கேட்கும் துல்லியம் பழைய லேத்துகளில் கிடைப்பது அரிதாகி வருகிறது. மற்றொரு பக்கம், மின்சார வாகனத்தில் வால்வே கிடையாது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி நடைமுறைக்கு வந்தபோது இருசக்கர வாகனங்களில் கார்புரேட்டரின் இடத்தை எரிபொருள் பீச்சுமுறை பிடித்ததை இப்பேட்டையில் அறியாதவர் இல்லை. ஏழாண்டுத் தவணையில் கடன் வாங்கி, ஏழாண்டு கழித்துத் தேவையற்றுப் போகும் பொருளைச் செய்யும் இயந்திரத்தை நிறுவினால் என்னாவது? முதலாளிக்கு உறக்கம் கெட்டது இதனால்தான். அங்கே லேத்தில் நிற்கும் மூன்று டர்னர்களுக்கும் அப்படியே.

தேய்மானக் கணக்கு, முதலீடு மீளும் காலம் முதலியவற்றை இக்கல்லூரியில் கற்றவாறே போட்டுவிட்டேன். அது எளிது. கடினமானது வேறு. சத்தத்தைக் கேட்டே கட்டிங் டூல் மழுங்கிவிட்டதெனச் சொல்லும் மூத்த டர்னரின் அறிவை எந்தப் பத்தியில் எழுதுவது? பேரேட்டில் அதற்குத் தலைப்பில்லை. சி.என்.சி. நிரல் எழுதத் தெரிந்த இளைஞருக்கோ அந்தக் காது இல்லை. ஆகவே, வால்வு கைடுக்கு மட்டுமே பயன்படும் தனி இயந்திரம் வேண்டாம். பம்பு, மோட்டார் ஆகியவற்றின் தண்டுகளையும் கடையக்கூடிய பொது இயந்திரத்தையே, அதுவும் நல்ல நிலையிலுள்ள பழையதாக வாங்கலாம். இருக்கும் டர்னர்களையே பயிற்சிக்கு அனுப்பலாம் என்று எழுதினேன்.

முதலாளி அறிக்கையை இருமுறை படித்தார். "பம்பு ஆர்டர் யார் தம்பி வாங்கித் தருவாங்க?" என்று கேட்டார். அதன்பின் இரண்டு மாதம் கோயம்புத்தூருக்கும் இங்குமாக அலைந்து, ஒரு சிறிய ஆணையோடு வந்தார். இயந்திரம் சென்ற தை மாதம் வந்திறங்கியது. மூவருள் இருவர் மாலை வகுப்பில் நிரல் எழுதப் பயில்கின்றனர். மூத்தவர் மட்டும், "எனக்கு இதுவே போதும்பா" என்று பழைய லேத்தை விட்டு நகரவில்லை. ஒற்றை உருப்படியாக வரும் பழுது வேலைகள் எல்லாம் இன்றும் அவரிடமே செல்கின்றன. புதிய இயந்திரத்தில் சத்தம் மாறினால், இருவரும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.