எந்தக் கதவு மூடியிருக்கிறது?

செபராங் ஜெயாவில் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வரவேற்பறையின் மூலையில் லினக்ஸ் இயங்குதளம் கொண்ட ஒரு பழைய கணினி இருக்கிறது. நான்காம் படிவத்தில் பயிலும் மாணவி ஒருத்தி அதில் மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளை நிறுவி, பள்ளித் தமிழ்மொழிக் கழகத்தின் நூல் இரவல் பதிவேட்டை உருவாக்கியிருக்கிறாள். உறுப்பினர்களின் பெயர், வகுப்பு, தொலைபேசி எண், இரவல் பெற்ற நூல் ஆகிய விவரங்கள் அதில் உள்ளன. அந்தக் கணினியின் முன் அமர்ந்தால் பதிவேடு உடனே திறக்கிறது. தன் அறையில் உள்ள மடிக்கணினியிலிருந்து முயன்றால் மட்டும் திறக்கவில்லை.

பொறுமையிழந்த அவள், பழைய கணினியின் தீச்சுவரை முழுவதும் நிறுத்திவிட நினைத்தாள். அதற்கு முன், தீவில் கல்லூரியில் பயிலும் அண்ணனைப் புலனத்தில் அழைத்தாள்.

“அவசரப்படாதே. திரையில் என்ன செய்தி வருகிறது? அதை முதலில் படி,” என்றான் அண்ணன்.

அக்கேள்வியே பாதி விடை. இணைப்புப் பிழைகள் பெரும்பாலும் மூன்று வகையாக வெளிப்படும். ‘நேரம் கடந்துவிட்டது’ என்று வந்தால், அனுப்பிய வேண்டுகோளுக்குப் பதிலே கிடைக்கவில்லை என்று பொருள். முகவரி தவறாக இருக்கலாம், தீச்சுவர் தடுத்திருக்கலாம். ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்றால், பெரும்பாலும் வேண்டுகோள் கணினியை அடைந்துவிட்டது. ஆனால், அந்த வாயிலில் கேட்பதற்கு எந்த மென்பொருளும் இல்லை. ‘அனுமதி இல்லை’ என்றால், தரவுத்தளம் பதில் சொல்லிவிட்டது. பயனர் பெயரோ, கடவுச்சொல்லோ, அவர் வரும் இடமோதான் ஏற்கப்படவில்லை.

மாணவியின் திரையில் முதலில் தெரிந்தது, நேரம் கடந்துவிட்டது என்னும் செய்தி. பழைய கணினியின் வீட்டு முகவரி 192.168.1.20 என்பதை அவள் சரிபார்த்தாள். அது சரியாகவே இருந்தது. எனவே, தடை தீச்சுவரில்தான் என்று உணர்ந்தாள். மைஎஸ்கியூஎல் வழக்கமாகப் பயன்படுத்தும் வாயில் எண் 3306. அந்த ஒரு வாயிலை மட்டும், வீட்டு வலையமைப்பில் உள்ள கருவிகளுக்கு மட்டும் திறந்துவிட்டாள்.

அடுத்த முயற்சியில் இணைப்பு மறுக்கப்பட்டது. அமைப்புக் கோப்பைப் பார்த்தபோது, தரவுத்தளம் 127.0.0.1 என்னும் முகவரியில் மட்டுமே காத்திருப்பது தெரிந்தது. ஒவ்வொரு கணினியும் தன்னையே குறிக்கப் பயன்படுத்தும் முகவரி அது. பாதுகாப்புக்காகப் பல நிறுவல்களில் தொடக்கத்தில் இவ்வாறே அமைந்திருக்கும். அதை 192.168.1.20 என மாற்றி, மென்பொருளை மீண்டும் இயக்கினாள்.

மூன்றாம் முறை, அனுமதி இல்லை என்று வந்தது. மைஎஸ்கியூஎல் ஒரு பயனரைப் பெயரால் மட்டும் அறிவதில்லை. அவர் எந்த முகவரியிலிருந்து வருகிறார் என்பதையும் சேர்த்தே பார்க்கிறது. வீட்டு வலையமைப்பிலிருந்து நுழைய ஒரு புதிய பயனரை உருவாக்கி, பதிவேட்டைப் படிக்கவும் திருத்தவும் மட்டும் உரிமை அளித்தாள். பதிவேடு திறந்தது. தீச்சுவரை முழுவதும் நிறுத்தியிருந்தாலும் மற்ற இரு தடைகளும் அப்படியே இருந்திருக்கும் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

“அண்ணா, கழகச் செயலாளரும் தம் வீட்டிலிருந்தே பதிவு செய்தால் நல்லதுதானே?” என்று கேட்டாள்.

இங்கே சிக்கல் வேறு. 192.168 எனத் தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். இணையத்தில் அவற்றைத் தேடி வர இயலாது. திசைவியின் அமைப்பை மாற்றி, வெளியிலிருந்து வரும் வேண்டுகோளைப் பழைய கணினிக்கு அனுப்பச் செய்யலாம். ஆனால், அவ்வாறு திறக்கும் வாயில் செயலாளருக்கு மட்டுமன்றி உலகம் முழுவதற்கும் திறந்திருக்கும்.

இதன் விளைவை உலகம் கண்டிருக்கிறது. 2003 ஜனவரி 25ஆம் நாள், ‘ஸ்லாமர்’ என்னும் தீநிரல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் தரவுத்தள மென்பொருளில் இருந்த ஒரு குறையின்வழி பரவியது. குறைந்தது 75,000 கணினிகள் பாதிக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை முதல் பத்து நிமிடங்களிலேயே. அக்குறைக்கான திருத்தம் ஆறு மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தும் பலர் அதை நிறுவவில்லை. 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கடவுச்சொல் இன்றி இணையத்தில் திறந்துகிடந்த ஆயிரக்கணக்கான மொங்கோடிபி தரவுத்தளங்களின் தகவல்கள் அழிக்கப்பட்டு, பிணைப்பணம் கேட்கப்பட்டது.

அதனால், வெளியிலிருந்து வருவோர்க்கு மெய்நிகர் தனியார் வலையமைப்பே தக்க வழி. அனுமதி பெற்ற கருவி மட்டும் மறையாக்கம் செய்யப்பட்ட பாதையில் வீட்டு வலையமைப்புக்குள் வரும். தரவுத்தளத்தின் வாயில் இணையத்துக்குத் திறக்கப்படாது. அதை அமைக்க இன்னும் ஒரு நாள் ஆகும் என்றான் அண்ணன்.

மாணவி பதிவேட்டை ஒரு முறை பார்த்தாள். அதில் இருந்த தொலைபேசி எண்களில் ஒன்றுகூட அவளுடையதன்று. நண்பர்கள் நம்பிக் கொடுத்தவை அவை.

“ஒரு நாள் ஆகட்டும், அண்ணா,” என்றாள்.