பட்டியலுள் பொருள் தோன்றும் வகை

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றியவற்றுள் குறவஞ்சி, தலபுராணம், யமக அந்தாதி ஆகிய மூன்றையும் மாணாக்கன் ஒருவன் பைதான் மொழியிற் பட்டியலாக்க முற்படுகின்றான் என்று கொள்வோம். 'நூல்' என்றொரு வகுப்பை அமைத்து, அச்சிடுங்கால் தலைப்புத் தோன்றுமாறு ஸ்டிர் என்னும் முறையையும் எழுதிவிட்டான். (இத்தகைய முறைப்பெயர்களின் இருபுறமும் இவ்விரண்டு அடிக்கோடுகள் உண்டு, ஈண்டு அவற்றை விடுத்தெழுதுகின்றேன்.) ஒரு நூலைத் தனியே அச்சிட்டால் தலைப்பு ஒழுங்காக வருகின்றது. மூன்றையும் பட்டியலிலிட்டு அச்சிட்டாலோ தலைப்பு ஒன்றையும் காணோம். வகுப்பின் பெயரும், கணினி நினைவகத்தில் அப்பொருள் உறையும் இடத்தின் எண்ணுமே மும்முறை வருகின்றன!

காரணம் யாதெனில், பட்டியல் தன் உறுப்புக்களைக் காட்டும்போது ஸ்டிரை வினவுவதில்லை. ரெப்ர் என்னும் வேறொரு முறையையே வினவும். முன்னது படிப்போர் பொருட்டு. பின்னது நிரல் எழுதுவோர் பொருளை ஐயமற அறிதற்பொருட்டு. ஆதலின் வகுப்பினுள் ரெப்ரையும் எழுதி, வகுப்பின் பெயரும் அடைப்புக்குறியுள் தலைப்புமாக, நூல்('குறவஞ்சி') என்பது போன்ற சரமொன்றைத் திருப்பித் தரச் செய்க. அம்முறை தானே அச்சிட்டுவிட்டு ஒன்றும் தாராதொழியின் பிழைச்செய்தி எழும். புதியோர் பெரும்பாலும் இடறுமிடம் இதுவே. ஸ்டிர் இல்லாவிடத்து ரெப்ர் அதன் வேலையையும் செய்யும். ரெப்ர் இல்லாவிடத்து ஸ்டிர் துணைக்கு வாராது. ஒன்றுமட்டும் எழுதுவதாயின் ரெப்ரையே எழுதுக.

பட்டியல் இங்ஙனம் செய்வது வீண் பிடிவாதமன்று. 'தென்காசி, குற்றாலம்' என்பது ஒரே சரமாயிருப்பின், மேற்கோட்குறியின்றிக் காட்டினால் இரண்டு உறுப்பென்று மயங்க நேரும். இவ்வழக்கத்தை மாற்றவேண்டுமென்று 2008-ஆம் ஆண்டில் எழுந்த முன்மொழிவு தள்ளப்பட்டது.

ஆனால் தமிழர்க்கு உண்மையாகவே இடர் விளைத்த குறையொன்று இருந்தது. பைதான் இரண்டாம் பதிப்பில் 'மேலகரம்' என்னும் யூனிகோடுச் சரத்தைத் தனியே அச்சிட்டால் தமிழாய்த் தோன்றும். பட்டியலிலிட்டாலோ அவ்வைந்தெழுத்துச் சொல் சாய்கோடு தாங்கிய ஏழு எண்குறிகளாய்ச் சிதறும். தரவு கெட்டதென்றே காண்போர் அஞ்சுவர். கெட்டது ரெப்ர் காட்டிய தோற்றமேயன்றித் தரவன்று. 2008 டிசம்பரில் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் ரெப்ர் திருத்தப்பெற்றது; அதுமுதல் பட்டியலினுள்ளும் தமிழெழுத்துத் தமிழாகவே நிற்கின்றது.

இனி, வாசகர்க்கு அழகிய வரிசை காட்டுதலே நோக்கமாயின், அதன்பொருட்டு ரெப்ரைத் திருத்துதல் தகாது என்பது என் கருத்து. உறுப்பு ஒவ்வொன்றையும் ஸ்டிரினாற் சரமாக்கி, இடையே காற்புள்ளியிட்டு ஜாயின் என்னும் முறையாற் கோத்து அச்சிடுக. மூன்று தலைப்புக்களும் ஒரே வரியில் வந்து நிற்கும்.