மூக்குச் சொட்டு மருந்தில் அது எதற்கு?

கேள்வி: மகனுக்கு வாங்கிய மூக்குச் சொட்டு மருந்தில் ‘பென்சால்கோனியம் குளோரைடு’ சேர்த்திருப்பதாகப் போட்டிருக்கிறது. அது எதற்கு? தீங்கில்லாத மாற்று கிடையாதா?

பதில்: பாட்டிலுக்குள் கிருமி வளராமல் தடுக்கத்தான். சொட்டுக்குழாயின் நுனி மூக்கில் பட்டுவிட்டுத் திரும்ப மருந்துக்குள் போகிறது. சளியிலுள்ள பாக்டீரியாவும் கூடவே போகும். ஆனால் கிருமியின் உறையைச் சிதைக்கும் இந்தப் பொருள் நம் செல்களையும் விட்டுவைப்பதில்லை. மூக்கின் உட்புறத்தில் நுண்ரோமங்கள் ஓயாமல் அசைந்து, தூசி படிந்த சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளுகின்றன. ஆய்வகத்தில் அவற்றின் மேல் இதை விட்டால் அசைவு மந்தமாகிறது, நின்றும்விடுகிறது. சில நாள் உபயோகத்துக்குப் பயப்பட வேண்டாம். நீண்டகாலம் போட்டால் மூக்கின் உள்சவ்வு வீங்கலாம் என்று ஐரோப்பிய மருந்துக் குறிப்புகளே எச்சரிக்கின்றன.

மாற்றாகப் பொட்டாசியம் சார்பேட் உண்டு. ரோமங்களுக்கு அது இதம். ஆனால் கரைசல் சற்று அமிலத்தன்மையோடு இருந்தால்தான் வேலை செய்யும். என் கருத்தில் நல்ல வழி, பாதுகாப்புப் பொருளே தேவைப்படாத பாட்டில். உள்ளே போகும் காற்றை வடிகட்டும் பம்புகளும், ஒருவேளைக்கு மட்டுமான சின்னக் குப்பிகளும் வந்துவிட்டன. விலைதான் கூடுதல்.

ஒன்று முக்கியம்: மருந்து மூக்கடைப்பைப் போக்கும் சைலோமெட்டசோலின் என்றால், பல நாள் தொடர்ந்து போட்டால் அதுவே மூக்கடைப்பை உண்டாக்கும். குழந்தைக்கு எத்தனை நாள் போடலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.