முக்கியக் குறிப்புகள்: ஏ.டி.எச்.டி.யும் மனச்சோர்வும் சேர்ந்தால் சி.பி.டி. எப்படி மாறும்?

நார்செட், நெட் உளவியல், குடிமைப்பணி மூன்றுக்கும் உதவும் தொகுப்பு. பெயரும் ஆண்டும் ஒரு மதிப்பெண் வினாவுக்கு. "ஏன்" என்று கேட்கும் வினாவுக்குப் பகுதி 3.

1. இடம் அறிவோம்
• எய்ம்ஸ்: டெல்லியில் உள்ளது. அதற்கான சட்டம் 1956. மனநல மருத்துவத் துறை இங்கு உண்டு.
• 'இபாஸ்' மனநல நிறுவனம் வேறு. அது யமுனைக்கு அக்கரையில் தில்ஷாத் கார்டனில் உள்ளது (1993).

2. அடிப்படை
• சி.பி.டி.: அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. மனச்சோர்வுக்கு இதை வளர்த்தெடுத்தவர் ஆரன் பெக் (1921–2021). இதற்கான அவரது அடிப்படை நூல் வெளிவந்த ஆண்டு 1979.
• பெக்கின் முக்கூறு: தன்னைப் பற்றி, உலகைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி எழும் எதிர்மறை எண்ணங்கள்.
• ஏ.டி.எச்.டி.: கவனக்குறைவு, மிகைச் செயல்பாடு, யோசிக்காமல் செயல்படுதல். டி.எஸ்.எம்.-5 (அமெரிக்க மனநோய்க் கையேடு, 2013) படி அறிகுறிகள் சில 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். சிறாருக்கு ஒரு பிரிவில் 6 அறிகுறிகள். 17 வயது முதல் 5 போதும்.
• ஐ.சி.டி.-11 (உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடு): ஏ.டி.எச்.டி. குறியீடு 6ஏ05. நடைமுறைக்கு வந்தது 1.1.2022.
• பி.எச்.க்யூ.-9: மனச்சோர்வை அளக்க 9 கேள்விகள், உச்ச மதிப்பெண் 27.

3. ஏன் மாற்றம்? என்ன மாற்றம்?
• மையக் கருத்து: ஏ.டி.எச்.டி.யில் சிக்கல், என்ன செய்வது என்று தெரியாதது அல்ல. தெரிந்ததை வேளைக்குச் செய்ய முடியாதது.
• சங்கிலி: தள்ளிப்போடுதல் → கெடு தவறுதல் → வசவு → "நான் உருப்படமாட்டேன்" → முயற்சி நின்றுபோதல் → மீண்டும் தள்ளிப்போடுதல்.
• எண்ணத்துக்கு ஆதாரம் கேட்பது வழக்கமான சி.பி.டி. முறை. ஏ.டி.எச்.டி. உள்ளவரிடமோ ஆதாரம் கைவசம் இருக்கும்: கட்டாத கட்டணம், தவறவிட்ட விண்ணப்பத் தேதி. "எல்லாம் உங்கள் கற்பனை" என்றால் எடுபடாது. நிகழ்வையும் தீர்ப்பையும் பிரித்துக் காட்ட வேண்டும். தேதி தவறியது நிகழ்வு. "நான் உதவாக்கரை" என்பது தீர்ப்பு.
• ஆகவே வரிசை மாறுகிறது: முதலில் நாட்காட்டியும் ஒரே பணிப்பட்டியலும்; எண்ணத்தைச் சீராக்குவது பிறகு.
• கவன நேரம்: சலிக்காமல் எத்தனை நிமிடம் உட்கார முடிகிறது என்று அளந்து, வேலையை அந்த அளவுக்கு நறுக்குவது. 15 நிமிடம் என்றால் 15 நிமிடப் பாடம். இடையில் வேறு நினைவு வந்தால் தாளில் குறித்துவிட்டுப் பாடத்துக்குத் திரும்புவது.
• வீட்டுப்பயிற்சியை மறந்து வருவது ஒத்துழையாமை அல்ல, அறிகுறி. பயிற்சி சிறியதாக, எழுத்தில், அலாரத்துடன் இருக்க வேண்டும். முதல் படியை அமர்விலேயே செய்துவிட வேண்டும்.
• செயலூக்கம்: "மனம் வந்தால் செய்கிறேன்" என்று காத்திருக்க வைப்பது மனச்சோர்வு. செய்த பிறகே மனம் வரும் என்பதே இதன் அடிப்படை.
• தற்கொலை எண்ணம் இருந்தால் பட்டியலும் நாட்காட்டியும் பிறகு; பாதுகாப்பு முதலில்.

4. ஆய்வுகள்
• ஸ்டீவன் சாஃப்ரன் குழு (2010, ஜாமா இதழ்): மருந்து எடுத்தும் ஏ.டி.எச்.டி. அறிகுறி நீடித்த 86 பெரியவர்கள். சி.பி.டி. பெற்றவர்கள், தளர்வுப் பயிற்சியும் அறிவுரையும் பெற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறினர்.
• மேரி சொலான்டோ குழு (2010): ஏ.டி.எச்.டி. உள்ள 88 பெரியவர்கள், 12 வாரக் குழுச் சிகிச்சை.
• இந்தியச் சான்று, மனச்சோர்வுக்கு மட்டும்: கோவாவின் சங்கத் அமைப்பு, விக்ரம் பட்டேல் குழு (லான்செட், 2017). 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் செயலூக்கச் சிகிச்சை அளித்தனர். 3 மாதத்தில் அறிகுறி தணிந்தவர்கள் 64%. வழக்கமான கவனிப்பை மேம்படுத்தித் தந்த பிரிவில் 39%.

5. சட்டமும் திட்டமும்
• மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, அமல் 29.5.2018. பிரிவு 115: வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகக் கொள்ளப்படும்.
• மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016: 21 வகைகள். மனநோய் உண்டு, ஏ.டி.எச்.டி. தனி வகையாக இல்லை.
• தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015–16: நிம்ஹான்ஸ், 12 மாநிலங்கள்.
• டெலி-மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி): தொடக்கம் 10.10.2022, உலக மனநல நாள்.

6. குழப்பும் இணைகள்
• மீதைல்பெனிடேட் ஊக்க மருந்து, போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-இன் பட்டியலில் உள்ளது. அட்டமாக்சிடின் ஊக்க மருந்து வகை அல்ல.
• ஆல்பர்ட் எல்லிஸ்: ஆர்.இ.பி.டி. (பகுத்தறிவு உணர்ச்சி நடத்தைச் சிகிச்சை). ஆரன் பெக்: அறிவாற்றல் சிகிச்சை.
• மனநல மருத்துவர் மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவர்.

தேர்வருக்கு ஒரு சொல்: பகுதி 3-இல் உள்ள சங்கிலி உங்கள் படிப்பு மேசையிலும் ஓடுவதாகத் தோன்றினால், நீங்களே நோய்ப்பெயர் சூட்டிக்கொள்ள வேண்டாம். டெலி-மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம்.