தக்காளி நாற்றும் புள்ளி வண்டும்

கேள்வி: நட்ட தக்காளி நாற்றைப் புள்ளி வண்டு அரிக்கிறது. பொறுக்கிப் போட ஆள் இல்லை. எல்லோரும் பட்டாசு வேலைக்குப் போய்விடுகிறார்கள். மோனோகுரோட்டோபாஸ் அடிக்கலாமா?
– வாசகர், சாத்தூர்

பதில்: வேண்டாம். காய்கறிகளுக்கு அந்த மருந்தை 2005-லேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. சட்டம் ஒருபுறம் இருக்க, அது வண்டோடு நிற்பதில்லை. இந்த வண்டின் புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் நுண்ணிய குளவிகள் நம் வயலிலேயே உண்டு; கடும் நஞ்சு அவற்றையும் அழித்துவிடும். அசுவினியைத் தின்னும் நல்ல பொறிவண்டும் சாகும். அதன் முதுகு வழவழப்பாக மின்னும். இலையைச் சுரண்டும் வண்டோ மங்கலான செம்பழுப்பு நிறம், மேலே மெல்லிய ரோமம். இந்த வேறுபாட்டைப் பார்த்த பிறகே தெளிப்பானைத் தொடுங்கள்.

ஆள் பஞ்சம் உண்மைதான். சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் பட்டாசுக் கூலியோடு விவசாயம் போட்டிபோட முடியாது. ஆனால் இளநாற்றில் இலைகள் குறைவு; அடிப்பக்கத்து மஞ்சள் முட்டைக் குவியலை நசுக்க வீட்டார் இருவரே போதும். அதையும் மீறினால் 5 கிலோ வேப்பங்கொட்டைத் தூளை இரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, சிறிது காதி சோப்பு கலந்து மாலையில் இலையின் அடியில் படும்படி தெளியுங்கள். வேம்பு உடனே கொல்லாது என்பது சரியான குறைதான். தீனியைக் குறைத்து, புழு வளர்வதைத் தடுப்பதே அதன் வேலை. பக்கத்தில் கத்தரி இருந்தால் அதையும் பாருங்கள், வண்டு அங்கிருந்தே வரும். அப்போதும் அடங்காவிட்டால், தக்காளிக்கு என்று லேபிளில் அச்சிட்ட மருந்தை மட்டும், அதில் சொன்ன அளவில் வாங்குங்கள்.